பெரும் நன்கொடைக்குக் கைமாறு என்ன? ஒஸ்லோ உணர்த்தும் பாடம்

தேர்தலுக்குப் பணம் திரட்டித் தருவோருக்குத் தூதுவர் பதவி அளிப்பது அமெரிக்க அரசியலில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு தூரம் சென்றுவிட்டது என்பதை 2014 ஆம் ஆண்டு ஜனவரியில் வாஷிங்டனில் நடைபெற்ற செனட் சபை விசாரணையொன்று உலகுக்குக் காட்டியது. அதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட தலைநகரம் ஒஸ்லோ.

நோர்வேக்கான தூதுவராக அதிபர் பராக் ஒபாமா நியமித்திருந்தவர் ஜோர்ஜ் சூனிஸ். நியூயோர்க்கைச் சேர்ந்த விடுதித் தொழிலதிபரான அவர், ஒபாமாவின் 2012 தேர்தல் பிரசாரத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தவர். மன்னரை அரச தலைவராகக் கொண்ட நோர்வேக்கு ஓர் அதிபர் இருப்பதாக அவர் விசாரணையின்போது பேசினார். நோர்வேயின் முன்னேற்றக் கட்சியை விளிம்புநிலைத் தீவிரவாதிகள் என்ற பொருள்பட அவர் வர்ணித்தபோது, அக்கட்சி நோர்வேயின் ஆளும் கூட்டணியில் அங்கம் வகிக்கிறது என்பதைச் செனட்டர் ஜோன் மக்கெய்ன் எடுத்துச்சொல்ல நேர்ந்தது. முன்னேற்றக் கட்சி அரசில் இணைந்தது அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், 2013 அக்டோபரில்.

நோர்வே வம்சாவளியினர் பெருமளவில் வாழும் மினசோட்டா மாநிலத்தின் செனட்டர்கள், அதிபரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாக இருந்தும், இந்நியமனத்தை எதிர்த்தனர். 2014 டிசம்பரில் சூனிஸ் தாமாகவே விலகிக்கொண்டார். 2013 செப்டம்பரில் வெற்றிடமான பதவி 2016 தொடக்கத்தில்தான் நிரப்பப்பட்டது. நிரப்பியவரான சாமுவேல் ஹெயின்ஸும் ஒபாமாவுக்கு நிதி திரட்டியவர்களில் ஒருவரே. சூனிஸின் அரசியல் வாழ்வும் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஜோ பைடன் ஆட்சியில், 2022 இல், அவர் கிரேக்கத்துக்கான தூதுவரானார்.

சட்டம் தடுப்பதும் தடுக்காததும்

பணத்துக்குப் பதவி என்று வெளிப்படையாகப் பேரம் பேசுவது அமெரிக்காவில் குற்றம். அதிபர் நிக்சனின் தனிப்பட்ட வழக்கறிஞராக இருந்த ஹெர்பர்ட் கால்ம்பாக், நன்கொடையாளர் ஒருவருக்குத் தூதுவர் பதவி பெற்றுத்தருவதாக வாக்களித்ததை 1974 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சிறை சென்றார். தேர்தல் நன்கொடை தூதுவர் நியமனத்துக்குக் காரணியாக அமையக் கூடாது என்று 1980 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் சேவைச் சட்டம் கூறுகிறது. ஆயினும், இரு கட்சிகளின் ஆட்சியிலும், தூதுவர் பதவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொழில்முறை இராஜதந்திரிகள் அல்லாதோருக்கே சென்று வந்துள்ளது. மேற்கு ஐரோப்பியத் தலைநகரங்கள் அவர்களது விருப்பத்துக்குரிய இடங்கள்.

பிரித்தானியாவில் இதே உறவு வேறு வடிவம் கொள்கிறது. பழமைவாதக் கட்சிக்கு ஆண்டொன்றுக்கு 50,000 பவுண்ட் வழங்குவோர், தலைவரின் குழு என்ற வட்டத்தில் இணைந்து, கட்சியின் மூத்த தலைவர்களுடன் விருந்துண்ணும் வாய்ப்பைப் பெற்றனர். நன்கொடைக்கும் பிரபுக்கள் சபை நியமனத்துக்கும் தொடர்பு உண்டா என்று 2006 இல் காவல்துறை விசாரணை தொடங்கியது. அடுத்த ஆண்டு, எவர் மீதும் குற்றஞ்சாட்டப்படாமலேயே அது முடிந்தது.

கொடுப்பவரும் பெறுபவரும் எதையும் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதில்லை. ஆனால் இருவருக்கும் எல்லாம் தெரியும். சட்டத்தால் எளிதில் பிடிக்க முடியாத இடம் இதுதான்.

நோர்வேயின் ஏற்பாடு

சூனிஸ் விவகாரத்தை நோர்வே ஊடகங்கள் வியப்புடனும் ஏளனத்துடனும் நோக்கின. அந்நாட்டில் கட்சிகள் பணம் பெறும் முறை முற்றிலும் வேறானது. அரசியல் கட்சிகளுக்கு அரசே நிதி வழங்கும் முறை 1970 இல் அங்கு அறிமுகமானது. பெரும்பாலான ஆண்டுகளில் கட்சிகளின் மொத்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது அதற்கு அண்மையான அளவு, பொதுப் பணத்திலிருந்தே வந்துள்ளது. தேசிய மட்டத்துக்கான நிதியில் பத்தில் ஒன்பது பங்கு பெற்ற வாக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிரப்படுகிறது. எஞ்சிய ஒரு பங்கு, 2.5 சதவீத வாக்குகளையோ நாடாளுமன்றத்தில் ஓர் இடத்தையோ பெற்ற கட்சிகளுக்கு அடிப்படை உதவியாக அளிக்கப்படுகிறது.

செலவும் ஒப்பீட்டளவில் குறைவு. தொலைக்காட்சியில் கட்டணம் செலுத்தி அரசியல் விளம்பரம் செய்ய அங்கு தடை உள்ளது. ஓய்வூதியர் கட்சியின் விளம்பரத்தை ஒளிபரப்பிய ஸ்டவாங்கர் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றுக்கு விதிக்கப்பட்ட அபராதம், கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது என 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் நோர்வே அத்தடையை நீக்கவில்லை. சிறு கட்சிகளுக்குப் பொது ஒளிபரப்பில் இடமளிப்பதை உறுதி செய்வதன் மூலம் நீதிமன்றத்தின் கவலைக்கு விடையளிக்க முற்பட்டது.

2005 ஆம் ஆண்டின் கட்சிகள் சட்டம், பெயர் வெளியிடாத நன்கொடையாளரிடமிருந்தும் வெளிநாட்டினரிடமிருந்தும் பணம் பெறுவதைத் தடை செய்தது. தேசிய மட்டத்தில் ஆண்டொன்றுக்கு 30,000 குரோனருக்கு மேல் வழங்குவோரின் பெயரையும் தொகையையும் வெளியிட வேண்டும் என அது விதித்தது. இந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. நோர்வேயின் புள்ளிவிவரத் திணைக்களம் இவ்விவரங்களைத் தொகுத்து எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. கண்காணிப்புப் போதாது என்று ஐரோப்பிய மன்றத்தின் ஊழல் தடுப்பு அமைப்பு 2009 இல் குறைகூறியதை அடுத்து, 2013 இல் சட்டம் வலுப்படுத்தப்பட்டது. தேர்தல் ஆண்டில் வரும் பெரிய நன்கொடைகளை வாக்களிப்புக்கு முன்னரே அறிவிக்கும் கடமையும் அப்போது சேர்க்கப்பட்டது. இருந்தபோதிலும், ஒருவர் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு இச்சட்டம் உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை.

விருந்துக்குப் பதில் மேசையில் ஓர் இடம்

ஆகவே நோர்வேயிலும் பெரும் நன்கொடையாளர்கள் உள்ளனர். தொழிற்கட்சியைப் பொறுத்தவரை அவர்களுள் முதன்மையானது எல்.ஓ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் தொழிற்சங்கச் சம்மேளனம். 1887 இல் தோன்றிய கட்சிக்கும் 1899 இல் தோன்றிய சம்மேளனத்துக்கும் இடையிலான உறவு நூற்றாண்டைக் கடந்தது. தேர்தல் ஆண்டுகளில் சம்மேளனமும் அதன் அங்கச் சங்கங்களும் பல மில்லியன் குரோனர்களைக் கட்சிக்கு வழங்குகின்றன. இதற்கு ஈடாக எவரும் விருந்துக்கு அழைக்கப்படுவதில்லை. இரு தரப்பு தலைவர்களும் ஒழுங்காகச் சந்திக்கும் கூட்டுறவுக் குழு ஒன்று உண்டு. சம்மேளனத் தலைவர் கட்சியின் மத்திய செயற்குழுவில் அமர்வதும் மரபு.

இந்த இடத்தின் மதிப்பு 2005 இல் வெளிப்பட்டது. தற்காலிக வேலைவாய்ப்பையும் மேலதிக நேர வேலையையும் தளர்த்தும் விதிகளை அவ்வாண்டு பொண்டெவிக் அரசு நிறைவேற்றியிருந்தது. தொழிற்சங்கங்களின் ஆதரவுடன் அவ்வாண்டு அக்டோபரில் பதவியேற்ற தொழிற்கட்சிக் கூட்டணி, அவ்விதிகள் 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வரும் முன்னரே அவற்றை மாற்றியமைத்தது. 2021 இல் அக்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, தொழிற்சங்கச் சந்தாவுக்கான வரிவிலக்கின் உச்சவரம்பு 3,850 குரோனரிலிருந்து 2023 இல் 7,700 குரோனராக, அதாவது இருமடங்காக உயர்ந்தது. இது நன்கொடைக்கான கைமாறு என்று எதிர்க்கட்சிகள் விமர்சித்தன. உழைப்போர் அமைப்பாகத் திரள்வதை ஊக்குவிப்பது தொழிற்கட்சியின் கொள்கை என்பது அரசின் விடை.

மறுதரப்பிலும் இதே கேள்வி எழுகிறது. 2013 தேர்தலை ஒட்டி, ஸ்டெய்ன் எரிக் ஹாகன் போன்ற பெருஞ்செல்வந்தர்கள் வலதுசாரிக் கட்சிகளுக்கு மில்லியன் கணக்கில் குரோனர் வழங்கினர். ஆட்சி மாறியது. 2014 ஜனவரி முதல் நாளன்று வாரிசுரிமை வரி ஒழிக்கப்பட்டது. 1.1 சதவீதமாக இருந்த செல்வ வரி 2015 இல் 0.85 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2021 க்குப் பின் தொழிற்கட்சி அரசு அவ்வரியை மீண்டும் உயர்த்தியபோது, கியெல் இங்கே ரொக்கே உள்ளிட்ட செல்வந்தர் பலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தனர். 2025 செப்டம்பர் தேர்தலில் செல்வ வரியே முக்கிய விவாதப் பொருளாகியது. அத்தேர்தலில் தொழிற்கட்சி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது.

வரிக்குறைப்பு பணத்துக்காகவே செய்யப்பட்டது என்றோ, சந்தா விலக்கு விலைக்கு வாங்கப்பட்டது என்றோ எவராலும் நிறுவ இயலாது. இக்கட்சிகள் பணம் வருமுன்னரே அக்கொள்கைகளைக் கொண்டிருந்தன. தமக்கு உவப்பான கொள்கையுடைய கட்சியையே நன்கொடையாளர் தெரிவு செய்கிறார் என்று சொல்வதற்கும் இடமுண்டு. ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார், ஆட்சிக்கு வந்தபின் யாருக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி நோர்வே வாக்காளருக்கு இருக்கிறது. முடிவை அவரே எடுத்துக்கொள்ளலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை

இந்த முறையும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதல்ல. முந்தைய தேர்தலின் வாக்குகளுக்கு ஏற்ப நிதி பகிரப்படுவதால், நிலைபெற்ற கட்சிகளுக்கே அது சாதகமாகிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. அரசுப் பணத்தில் வாழும் கட்சிக்கு உறுப்பினரைத் தேடும் தேவை குறைகிறது என்பது இன்னொன்று. கட்சிகள் சட்டம் கட்சிகளையே கட்டுப்படுத்துவதால், தேர்தல் காலத்தில் தனித்து இயங்கும் பிரசார அமைப்புகளுக்குச் செல்லும் பணம் அதே வெளிச்சத்துக்குள் வருவதில்லை என்பது மூன்றாவது.

எனினும் ஒரு பயன் கண்கூடானது. தேர்தலில் நிற்பவர் தமது செலவுக்குத் தாமே பணம் தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் நோர்வே வந்த கம்சாயினி குணரத்தினம், 2007 இல் தமது 19 ஆவது வயதில் ஒஸ்லோ மாநகர சபைக்குத் தெரிவானார். 2015 இல் துணை மேயரானார். 2021 இல் ஸ்டோர்ட்டிங் எனப்படும் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். குடியேறிய குடும்பத்துப் பெண்ணொருவர் பெருஞ்செல்வர் எவருக்கும் கடன்படாமல் அங்கு செல்ல முடிந்ததில், கட்சியின் செலவை அரசு ஏற்கும் முறைக்கும் பங்குண்டு.

தமிழர் வாழும் நாடுகளில்

இதை இந்தியாவுடன் ஒப்பிடுவோர், இரண்டுக்கும் இடையிலான தொலைவை எளிதில் உணர்வர். 2018 இல் அறிமுகமான தேர்தல் பத்திரத் திட்டத்தின் கீழ், எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பது வாக்காளருக்கு மறைக்கப்பட்டது. இத்திட்டம் அரசமைப்புக்கு முரணானது என 2024 பிப்ரவரி 15 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே விவரங்கள் வெளிவந்தன. பாரதிய ஜனதா கட்சி 2019 ஏப்ரல் முதல் ஏறத்தாழ 6,060 கோடி ரூபாயைப் பெற்றிருந்தது. பத்திரங்களை மிக அதிகமாக வாங்கியது 1,368 கோடி ரூபாய் செலவிட்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம். அந்நிறுவனத்திடமிருந்து 509 கோடி ரூபாய் பெற்றதாகத் திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தல் ஆணையத்துக்கு அளித்த விவரத்தில் கூறியிருந்தது. தமிழ்நாட்டிலேயே லாட்டரி விற்பனைக்குத் தடை உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. இத்தகவல்கள் வெளிவருமுன், இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த அத்தனை மாநிலத் தேர்தல்களிலும் மக்கள் எதையும் அறியாமலேயே வாக்களித்து முடித்திருந்தனர்.

இலங்கையில், தேர்தல் செலவைக் கட்டுப்படுத்தும் சட்டமே 2023 இல்தான் வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்ற செலவு வரம்பு விதிக்கப்பட்டது. வேட்பாளர்கள் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். ஆனால் அச்சட்டம் தேர்தல் காலத்தை மட்டுமே கருதுகிறது. தேர்தல் இல்லாத ஆண்டுகளில் கட்சிகளின் கைக்கு வரும் பணம் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கணக்கும் வாக்களிப்பு முடிந்த பின்னரே வருகிறது.

பணம் கொடுப்பவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று எந்த நாட்டிலும் நம்புவதற்கில்லை. வேறுபாடு, கேட்பவரிடம் இல்லை என்று சொல்லும் வலிமை கட்சிக்கு இருக்கிறதா என்பதில்தான் உள்ளது. தனது அன்றாடச் செலவுக்கு ஒரு சிலரையே நம்பியிருக்கும் கட்சியால் அவர்களிடம் மறுப்புக் கூற இயலாது. அது தூதுவர் பதவியையோ, பிரபுக்கள் சபை இடத்தையோ, அரச ஒப்பந்தத்தையோ கொடுத்துத்தான் கடனைத் தீர்க்க வேண்டியிருக்கும். நோர்வே தனது கட்சிகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பது அந்த மறுக்கும் உரிமையை. அதற்கான விலையை அந்நாட்டு மக்கள் வரியாகச் செலுத்துகின்றனர். மற்ற நாடுகளின் மக்களும் ஒரு விலையைச் செலுத்துகிறார்கள். அது எவ்வளவு என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.