கொடுத்த குடும்பங்களுக்குத் திரும்ப என்ன கிடைத்தது?

கொலம்பியாவின் ஆன்டியோக்கியா மலைப்பகுதியில் சில குடும்பங்களுக்கு அல்சைமர் நோய் முதுமைக்காகக் காத்திருப்பதில்லை. நாற்பதுகளின் நடுவில் மறதி தொடங்குகிறது. நோய் முற்றும்போது பெற்ற பிள்ளைகளின் முகம்கூட மறந்துபோகிறது. காரணம், ‘பைசா திரிபு’ எனப்படும் மரபணுக் கோளாறு. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு அது இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லோபெரா 1980-களில் இக்குடும்பங்களைத் தேடிச் செல்லத் தொடங்கினார். அவர்கள் ரத்தம் கொடுத்தார்கள், ஸ்கேனுக்கு வந்தார்கள். உறவினர் இறந்ததும், துக்கத்தின் நடுவிலேயே மூளையைத் தானமாகக் கொடுத்தார்கள். நோய் வருமுன் தடுக்க முடியுமா என்று அறிய 2013-ல் தொடங்கிய கிரெனெசுமாப் மருந்துச் சோதனையில் 252 பேர் சேர்ந்தனர். திரிபு இல்லாதவர்களும் சேர்க்கப்பட்டு, அவர்களுக்குப் போலி மருந்து தரப்பட்டது. சோதனையில் இருப்பதை வைத்தே ஒருவருக்குத் திரிபு உண்டு என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. 2022-ல் முடிவு வந்தது: குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

ஆனால், அவர்களின் பங்களிப்பு வீண்போகவில்லை. திரிபு இருந்தும் எழுபது வயதுவரை நினைவு குலையாமல் வாழ்ந்த ஒரு பெண்மணி இக்குடும்பங்களிலிருந்துதான் அடையாளம் காணப்பட்டார். ‘கிரைஸ்ட்சர்ச்’ என்ற மற்றொரு மரபணு மாற்றமே அவரைக் காத்திருக்கக்கூடும் என்று 2019-ல் வெளியான ஆய்வு கூறியது. அந்தப் பாதுகாப்பை மருந்தாக மாற்ற முடியுமா என்று ஆய்வாளர்கள் இப்போது முயல்கிறார்கள்.

உலகம் இவ்வளவு பெற்றிருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு உரியது என்ன?

சலுகைகள் தருவதாக வாக்களித்தால் ஏழைகள் ஆபத்தை மறந்து சோதனைக்குச் சம்மதித்துவிடுவார்கள் என்று ஆட்சேபிப்போர் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், சம்மதத்தை விலைக்கு வாங்குவது வேறு, சோதனை முடிந்தபின் கடமையைச் செய்வது வேறு. பலன் தந்த மருந்து, பங்கேற்றவர்களுக்குச் சோதனைக்குப் பிறகும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பது மருத்துவ ஆய்வுகளுக்கு வழிகாட்டும் ஹெல்சிங்கி பிரகடனத்தின் நெறி. மருந்து தோற்றுப்போனாலும் பங்கேற்ற குடும்பங்களுக்கான கடமை தீர்ந்துவிடாது.

ஆய்வு முடிவுகளைக் குடும்பங்களுக்குப் புரியும் மொழியில் முதலில் சொல்ல வேண்டும். தங்கள் மரபணு நிலையை அறிய விரும்புவோருக்குத் தகுந்த ஆலோசனையோடு அந்த வாய்ப்பைத் தர வேண்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது. வேலையை விட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மனைவிக்கும் பராமரிப்பு உதவி தேவை. இவற்றுக்கான செலவை ஆய்வின் முதல்நாள் பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்காத எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுக்கள் அனுமதி தரக் கூடாது.