இலவசக் காவலுக்குக் கூலி

பிரான்ஸில் இருக்கும் பிள்ளைகளிடம் பேச, வங்கிக் கணக்கு பார்க்க என்று புதுச்சேரியின் முத்தியால்பேட்டையிலும் லாஸ்பேட்டையிலும் பல வீடுகளில் ஒரு பழைய கணினி உண்டு. அதற்கு எந்த இலவச ஆன்டிவைரஸ் நல்லது? புதிதாக எதுவும் வேண்டாம் என்பேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும். இலவசக் காவலுக்கும் கூலி உண்டு. இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தெந்த இணையதளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றுக் காசாக்கியது. அதற்காக 1.65 கோடி டாலர் கட்டும்படி 2024-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் சொன்னது. வைரஸ் புகுந்துவிட்டதோ என்று சந்தேகமா? இந்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் துப்புரவுக் கருவிகள் இலவசம். உண்மையான ஆபத்து வேறு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பூட்டில்லாத வீட்டுக்கு எத்தனை காவலாளி போட்டு என்ன? முடிந்தால் 11-க்கு மாறுங்கள். கணினி இடம் கொடுக்காவிட்டால் லினக்ஸ் இயங்குதளம் போடுங்கள். அதற்கும் காசில்லை.