வெளிநாட்டு இலாகாவில் தொழிலாளிக்கு எந்த அறை?

"வெளிநாட்டு விவகாரம் நமக்கு எதற்கு? அது டெல்லிப் பெரியவர்கள் சமாசாரம்" என்று மில் வாசலிலும் களத்துமேட்டிலும் தோழர்கள் சிலர் சொல்வதுண்டு. அந்த எண்ணம் தவறு. அந்த இலாகாவின் பேனா கூலிக்காரன் குடிசை வரை எட்டுகிறது.

முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம். உச்சியில் மந்திரி. 1947 முதல் 1964ல் காலமாகும் வரை பிரதமர் நேருவே இந்தப் பொறுப்பையும் வகித்தார். மந்திரிக்குக் கீழே வெளிநாட்டுக் காரியதரிசியும் வேறு சில காரியதரிசிகளும். அவர்களுக்குக் கீழே பல பிரிவுகள். சில பிரிவுகள் உலகைப் பங்கு போட்டுக் கவனிக்கின்றன: கிழக்காசியா ஒன்றுக்கு, வளைகுடா நாடுகள் ஒன்றுக்கு, இப்படி. மற்றவை வேலையைப் பங்கு போட்டுக் கொள்கின்றன: பாஸ்போர்ட், உடன்படிக்கைகளின் சட்ட வாசகம், விருந்தினர் வரவேற்பு, பிரசாரம். அயல்நாட்டுத் தலைநகரங்களில் தூதராலயங்கள்; காமன்வெல்த் நாடுகளில் அவற்றுக்கு ஹைகமிஷன் என்று பெயர். 1946ல் தோன்றிய வெளிநாட்டு சர்வீஸின் உத்தியோகஸ்தர்கள் டெல்லிக்கும் தூதராலயங்களுக்கும் மாறி மாறிப் போய் வருகிறார்கள்.

இத்தனை அறைகளில் தொழிலாளிக்கு எந்த அறை?

பத்தாவது தேறாதவர் வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போனால், வேலை ஒப்பந்தத்தைச் சர்க்கார் பார்த்து அனுமதிக்க வேண்டும், ஆள் சேர்க்கும் ஏஜெண்டு லைசென்ஸ் பெற வேண்டும் என்ற ஏற்பாடு 1983ஆம் வருஷச் சட்டத்தில் வந்தது. இதைக் கவனிக்கும் பாதுகாவலர் ஆபீஸ் சென்னையிலும் உண்டு. ஆனால் இந்த வேலை ஆதியில் தொழில் மந்திரி இலாகாவில் இருந்தது. 2004ல் வெளிநாட்டு இந்தியருக்கென்று தனி இலாகா ஏற்பட்டு அங்கே போயிற்று. 2016ல் அந்த இலாகாவே வெளிநாட்டு இலாகாவுடன் சேர்க்கப்பட்டது. தொழிலாளியின் கோப்பு இப்படி வீடு வீடாகக் குடிமாறியது. எந்த மாற்றத்துக்கு முன்னும் தொழிலாளியை யார் கேட்டார்கள்?

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கதையே சாட்சி. காடழித்துத் தேயிலை நட்ட தமிழ்க் கூலி மக்களின் சந்ததியார் அவர்கள். 1948ஆம் வருஷப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தனர். கணக்கில் இருந்தவர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முடிவாயிற்று. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். மூட்டை எண்ணிப் பிரிப்பது போல மனிதரைப் பிரித்த அந்த மேஜையில் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி கூடக் கிடையாது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பங்கள் அந்தக் கையெழுத்தின் விலையைக் கொடுத்தன.

இப்படி நடக்க இடமிருப்பதற்கு ஒரு காரணம் நமது அமைப்பிலேயே இருக்கிறது. அயல்நாட்டுடன் உடன்படிக்கை செய்யும் முன் பார்லிமெண்டின் சம்மதம் பெற வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் அரசியல் சட்டத்தில் இல்லை. உடன்படிக்கையை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை 253ஆம் ஷரத்து பார்லிமெண்டுக்குத் தருகிறது. ஆனால் கையெழுத்து மந்திரிசபையின் கையில்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். உழைப்பாளிகள் சம்பந்தப்பட்ட எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாகும் முன் பார்லிமெண்டில் விவாதிக்கப்பட வேண்டும். அதைப் பற்றித் தொழிற்சங்கங்களின் கருத்தைக் கேட்க வேண்டும. நம்மவர் கூலிக்குப் போயிருக்கும் ஒவ்வொரு நாட்டுத் தூதராலயத்திலும், தொழிலாளியின் பாஷை தெரிந்த தொழிலாளர் அதிகாரி இருக்க வேண்டும். சம்பளம் பிடிக்கப்பட்டவன், பாஸ்போர்ட் பறிக்கப்பட்டவன் தட்டினால் திறக்கும் கதவு அங்கே இருக்க வேண்டும்.

இலாகாவின் அறைகளை யார் வகுப்பது என்பதும் அரசியலே. அதில் நமக்குரிய அறையைக் கேட்டு வாங்குவோம்.