நொடியின் நீதி

கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைட், 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்திலே வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கைக்குக் கிடைத்த முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 51.8 வினாடி. நடுவர்கள் கடிகாரத்தைக் கையிற் பிடித்து, விரலால் அழுத்தி நேரங்குறித்த காலம் அது. வினாடியைப் பத்தாகப் பகுத்தலே அன்று நுணுக்கம்.

அடுத்த பதக்கத்துக்கு 52 ஆண்டுகள் காத்திருந்தோம். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதியிலுள்ள வறக்காப்பொலைப் பகுதியைச் சேர்ந்த சுசந்திகா ஜயசிங்க, 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரை 22.28 வினாடியில் ஓடினார். அவருக்கு முன் வந்த பஹாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27. முதலிடம் பெற்றிருந்தவரின் பதக்கம் ஊக்கமருந்துக் குற்றத்தால் 2007இல் பறிக்கப்பட்டபின், தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே நின்றது அந்த நூறில் ஒரு வினாடியே! மனித விரலால் அளக்க முடியாத அதனை, எல்லைக் கோட்டை நோக்கி நிற்கும் புகைப்படக் கருவியே அளந்து தந்தது.

எட்டுப் பேர் ஓடும் மைதானத்துக்கு இம்முறை போதும். ஆனால், கண்டி வாவியைச் சுற்றியோட ஆயிரம் பேர் திரண்டு நிற்பதாக எண்ணிப் பாருங்கள். துப்பாக்கி வெடித்ததும் முன்வரிசையினர் பாய்ந்துவிடுவர். பின்னால் நிற்பவரோ கூட்டத்தில் நெருங்கித் தொடக்கக் கோட்டை எட்டுவதற்கே இரண்டு நிமிடங்கள் கழிந்துவிடலாம். ஓடாத அந்த இரண்டு நிமிடங்களையும் அவர் கணக்கிற் சேர்ப்பது முறையாகுமா?

இங்கேதான் கம்பியில்லா முறை துணைக்கு வருகின்றது. ஓடுபவரின் காலணியிலோ, மார்பிலணியும் இலக்கத் தாளிலோ 'சிப்' எனும் சிறு கருவி பொருத்தப்படும். பெரும்பாலும் அதற்கு மின்கலம் வேண்டியதில்லை. கோட்டின்மேல் விரித்த பாயினுள்ளிருக்கும் அலைவாங்கி மின்காந்த அலைகளைப் பரப்புகின்றது. ஓடுபவர் அதனைக் கடக்கையில், அவ்வலையிலிருந்தே சக்தி பெற்று, சிப் தன் இலக்கத்தை அறிவிக்கின்றது. அக்கணம் பதிவாகிவிடுகின்றது. தொடக்கத்தில் ஒரு பாயும் முடிவில் ஒரு பாயும் இருந்தால், அவரவர் ஓடிய நேரம் அவரவர்க்குக் கிடைத்துவிடும். 1996இல் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தின் நூறாவது போட்டியில் பல்லாயிரவர் ஓடியபோது இம்முறையே கைக்கொள்ளப்பட்டது.

வழியிடையே பாய்களை விரிப்பதில் இன்னொரு பயனுமுண்டு. 1980இல் அதே பொஸ்ரனில் முதலாவதாக வந்ததாக அறிவிக்கப்பட்ட பெண்ணொருவர், பாதையின் பெரும்பகுதியை ஓடாமலே இறுதியில் நுழைந்தவர் எனத் தெரிந்து, எட்டு நாட்களின் பின் விலக்கப்பட்டார். இன்று குறுக்குவழியில் நுழைவோரை வழிப்பாய்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆயினும் மைதான ஓட்டங்களில் புகைப்படமே இன்றும் தீர்ப்பளிக்கின்றது. விதிப்படி முதலில் கோட்டை எட்டவேண்டியது உடலே; காலன்று. காலணியிலுள்ள சிப் அதனை அறியாது.

முதலாவதாக வருபவரை உலகமே பார்த்திருக்கும். ஆயிரத்தில் கடைசியாய், களைத்து வருபவரின் உழைப்பையும் ஒரு வினாடி கூட்டாமல், குறைக்காமல் எழுதிவைப்பதே இச்சிறு கருவியின் பெருமை. மாணவர்களே, அடுத்த முறை ஓடும்போது உங்கள் நேற்றைய நேரத்தை வெல்ல முயலுங்கள், அதுவும் வெற்றியே.