இடைவேளை எங்கே?



போன மாதத் தபாலில் கொஞ்சம் கனமான உறை ஒன்று வந்தது. தையல்கடை நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு இயற்பியல் சூத்திரங்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடமாம். நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளாம். "கணக்கு என்று வந்தால் மட்டும் முட்டை வாங்கிக்கொண்டு வருகிறாள். நீங்கள் இயற்பியல் படித்தவர்தானே, கொஞ்சம் பாருங்களேன்" என்று மகளின் தேர்வுத்தாளில் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்திருந்தார்.

படித்தவன்தான். பட்டம் வாங்கிய கையோடு அச்சு மையில் விழுந்தவன் என்பதால், அந்தப் பக்கத்தை விரிக்கும்போது எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்.

கணக்கு இதுதான். கயிற்றில் ஒரு மரக்கட்டை தொங்குகிறது. 10 கிராம் எடையுள்ள துப்பாக்கிக் குண்டு அதில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. குண்டும் கட்டையும் சேர்ந்து 2 கிலோ. அடி வாங்கிய கட்டை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஆடி எழும்புகிறது. குண்டு என்ன வேகத்தில் வந்தது? அந்தப் பெண்ணின் விடை: வினாடிக்கு 28.3 மீட்டர். ஸ்கேல் வைத்து அடியில் இரண்டு கோடு வேறு. குறுக்கே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. ஏன் தப்பு என்று ஒரு சொல்கூட இல்லை.

பார்த்ததும் சிரித்துவிட்டேன். அவளைப் பார்த்து அல்ல. பல வருடங்களுக்கு முன்னால் இதே கணக்குக்கு இதே மாதிரி விடை எழுதி, இதே மாதிரி சிவப்புக் குறியை வாங்கியவன் நான். எனக்கும் யாரும் காரணம் சொல்லவில்லை.

அவள் செய்தது இவ்வளவுதான்: ஆற்றல் அழியாது என்று படித்திருக்கிறாள். ஆகவே குண்டின் இயக்க ஆற்றல் முழுவதும் கட்டை எழும்பிய நிலை ஆற்றலாக மாறியது என்று சமன் போட்டுவிட்டாள். பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எதிலும் பிழை இல்லை. ஆனால் விடையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். வினாடிக்கு 28.3 மீட்டர் என்றால் மணிக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம். சுமாரான வேகப்பந்து வீச்சாளரே மணிக்கு 130 கிலோமீட்டரில் போடுகிறார். அப்படியானால் இந்தத் துப்பாக்கிக் குண்டை விக்கெட் கீப்பர் தாவிப் பிடித்துவிட்டு அவுட் கேட்கலாம்!

எங்கே சறுக்கியது? இந்தக் கதையில் ஓர் இடைவேளை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் ஓட்டியதுதான் கோளாறு. முதல் பாதி, குண்டு கட்டைக்குள் புகும் அந்தக் கண நேரம். மரநார் கிழிகிறது, குண்டு நசுங்குகிறது, சூடு பிறக்கிறது. இயக்க ஆற்றல் அங்கே தண்ணீராய்ச் செலவாகிறது. அது அழியவில்லை, வெப்பமாகப் போய்விட்டது. ஆனால் கட்டையைத் தூக்கிவிடும் வேலைக்கு அது திரும்பி வராது. அந்தப் பாதியில் நம்பத்தக்க ஒரே ஆள் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது. கயிறு பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கும் முன்பே மோதல் முடிந்துவிடுவதால், முன்னால் இருந்த உந்தம் பின்னாலும் அப்படியே இருக்கும். இரண்டாம் பாதியில் கட்டை மேலே எழும்புகிறது. அங்கே உந்தம் உதவாது, புவியீர்ப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும். அந்தப் பாதிக்கு ஆற்றல்தான் சாட்சி.

பின்னாலிருந்து வருவோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், 20 சென்டிமீட்டர் எழும்பக் கட்டைக்கு வினாடிக்கு 2 மீட்டர் வேகம் போதும். 2 கிலோ, 2 மீட்டர்: உந்தம் 4. இதே 4 குண்டிடம் இருந்திருக்க வேண்டும். 0.01 கிலோவால் வகுத்தால் வினாடிக்கு 400 மீட்டர். இதுதான் துப்பாக்கிக்கு ஏற்ற வேகம். இப்போது கல்லாவைச் சரிபாருங்கள். குண்டு கொண்டுவந்தது 800 ஜூல். கட்டைக்குக் கிடைத்தது 4 ஜூல். ரூபாய்க்கு அரை பைசா! மீதி 796 ஜூலும் மரத்துக்குள் சூடாகவும் கிழிசலாகவும் கிடக்கிறது.

இந்தக் கணக்கு, வாத்தியார்கள் மண்டையைக் குழப்பக் கண்டுபிடித்தது என்று மாணவப் பருவத்தில் நினைத்திருந்தேன். அப்படியில்லை. குண்டின் வேகத்தை அளக்க நல்ல வழி இல்லாத காலத்தில், பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் பலகை பொருத்திய இரும்பு ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதில் சுட்டார். ஊசலின் அடியில் கட்டிய நாடா எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டார். அதை விவரிக்கும் அவருடைய பீரங்கிக் கலை நூல் 1742-இல் வெளிவந்தது. மூன்றே ஆண்டில் கணித மேதை ஆய்லர் அதை நீண்ட விளக்கவுரையோடு ஜெர்மன் மொழியில் கொண்டுவந்தார். அதே ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டும் தலைமைப் பொறியாளராக்கி நம் கரைக்கு அனுப்பியது. 1750-இல் வந்தவர், மறு வருடமே ஜூலையில் காய்ச்சலில் இறந்துபோனார். எங்கே தெரியுமா? கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில். அந்தக் கடற்கரையில் நான் எத்தனையோ முறை சுண்டல் தின்றிருக்கிறேன். எனக்குச் சிவப்புக் குறி வாங்கித் தந்தவர் அங்கேதான் கண்ணை மூடினார் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

உந்தமா, ஆற்றலா என்று குழம்புகிற பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல். கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1686-இல் தத்துவ அறிஞர் டெகார்ட்டின் கட்சியோடு இதே விஷயத்துக்காகத்தான் மல்லுக்கு நின்றார். சண்டை ஓயப் பல பத்தாண்டுகள் ஆயின.

எல்லாக் கணக்குக்கும் இடைவேளை உண்டா என்றால், இல்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நீர்மட்டம் குழாய் வாய்க்கு 5 மீட்டர் மேலே இருந்தால், தண்ணீர் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும். விஞ்ஞானி டாரிசெல்லி 1644-இலேயே சொல்லிவிட்ட விஷயம் இது. மேலிருந்து கீழ்வரை ஆற்றல் கணக்கு ஒன்றே போதும், நடுவில் வெட்ட வேண்டியதில்லை. தொட்டி 500 லிட்டரா 2000 லிட்டரா என்பது இந்தக் கணக்குக்குள் வரவே வராது. பெரிய தொட்டி கூடுதல் நேரம் ஓடும், அவ்வளவுதான். ஷவரில் வேகம் போதவில்லை என்றால் பிளம்பர் தொட்டியை மாற்றச் சொல்வதில்லை, ஸ்டாண்டை உயர்த்தச் சொல்கிறார். சூத்திரம் எழுதாமலே விடை சொல்கிற மனிதர்.

ஆனால் வீட்டுக் குழாயில் 10 மீட்டர் வேகம் வருவதில்லை. நீளமான பைப், நாலைந்து எல்போ, பாதி திறந்த வால்வு என்று வழிநெடுக உராய்வு சுங்கம் வசூலிக்கிறது. ஓஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, ஏன்? "பரப்பு குறைந்தது, வேகம் கூடியது" என்பதுதான் வழக்கமான பதில். பாதிதான் சரி. விரலை வைத்துக்கொண்டு ஒரு வாளி பிடித்துப் பாருங்கள், நிரம்ப அதிக நேரம் ஆகும். அதாவது வரும் தண்ணீரின் அளவே குறைந்திருக்கிறது. பைப்புக்குள் ஓட்டம் மெதுவானதால் உராய்வின் சுங்கமும் குறைந்தது. மிச்சப்பட்டதுதான் வாயில் வேகமாக வருகிறது. விரல் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. எப்படி அழுத்தினாலும் அந்த 5 மீட்டர் தொட்டியிலிருந்து வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டாது.

கடைசியாக என் செல்லக் கணக்கு. தெப்பக்குளத்தில் ஒரு படகு, படகில் 50 கிலோ கருங்கல். கல்லைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டால் குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? எங்கள் அலுவலகத்தில் கேட்டேன். ஏறும் என்று ஐந்து பேர், மாறாது என்று இருவர். இறங்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சரியென்று டீ போடும் குண்டானில் தண்ணீர் ஊற்றி, எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் 200 கிராம் படிக்கல்லை வைத்து, நீர்மட்டத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டோம். பிறகு படிக்கல்லை எடுத்து நீருக்குள் போட்டோம். மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பேனா மை தேய்த்தும் போகவில்லை என்று டீ போடும் அக்கா இன்னும் முறைக்கிறார்.

இங்கேயும் இரண்டு காட்சிகள். படகில் இருக்கும்போது கல் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது: 50 லிட்டர். மூழ்கிய பிறகு தன் பருமனுக்கு மட்டுமே விலக்குகிறது. கருங்கல் தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு அடர்த்தி என்று வைத்தால் வெறும் 20 லிட்டர். 30 லிட்டர் குறைகிறது, மட்டம் இறங்குகிறது. மிதக்கும்போது எடையைக் கேள், மூழ்கிய பின் பருமனைக் கேள். அந்தப் பெண்ணுக்கு எழுதிய பதிலில் இதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.

கூடவே ஒரு கேள்வியும் வைத்தேன். அது உங்களுக்கும்தான். படகிலிருந்து கல்லுக்குப் பதிலாக ஒரு மட்டைத் தேங்காயைக் குளத்தில் எறிந்தால் நீர்மட்டம் என்ன ஆகும்? அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள், சூத்திரம் வேண்டாம், காரணம் போதும். என் மேசைக்கு வரும் முதல் அட்டை ஒரு தையல்கடை முகவரியிலிருந்து வரும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

அன்புடன்,
ஆசிரியர்