மண்டோர் பக்கத்தில் நின்றால் உண்மை வெளியே வராது



"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கேள்வி கேட்பதற்கும் இது பொருந்தும். நான் ஒரு தவறு செய்துதான் இதைக் கற்றுக்கொண்டேன்.

பல வருடங்களுக்கு முன்பு, ஜோகூரில் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் குடிப்பழக்கத்தைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். நானும் காலைப் பிரட்டுக்குப் போய், பெயரையும் அடையாளக் கார்டு நம்பரையும் எழுதிக்கொண்டு, "சம்சு குடிப்பீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். பக்கத்தில் மண்டோர். பின்னால் கிராணியார். "ஐயய்யோ, நமக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க டிரசர்" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் லயத்துக்குப் பின்னால் கிடந்த காலிப் போத்தல்கள் யாருடையவை? சம்பள நாள் இரவில் மண்டை உடைந்து, என்னிடம் தையல் போட்டுக்கொள்ள வந்தவர்கள் யார்? தெரிந்திருந்தும், "குடிப்பவர் எவருமில்லை" என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். படித்தவர்கள், "இங்கே பிரச்சினை இல்லை" என்று கோப்பை மூடிவிட்டார்கள். குடியை நிறுத்த உதவி கிடைத்திருக்க வேண்டிய குடும்பங்களுக்கு ஒன்றுமே வரவில்லை.

பொய் சொன்னார்கள் என்று ஜனங்களைக் குறை சொல்லமாட்டேன். குற்றம், கேட்ட விதத்தில். புல்மருந்து அடிக்கும் பெண்களும் அப்படித்தான். பகலில் கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். சாயங்காலம் தனியாக வந்து, சொத்தையான நகத்தைக் காட்டுவார்கள். சொன்னால் வேலையை மாற்றிவிடுவார்களோ, சம்பளம் குறையுமோ என்ற பயம். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்கோ பெர்மிட் போய்விடுமோ என்ற பயம் வேறு.

சரி, பயமில்லாமல் உண்மையைச் சொல்ல வழி உண்டா? உண்டு. 1965-இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு யோசனையை வெளியிட்டார். ஆளின் ரகசியம் ஆளிடமே இருக்கட்டும், நமக்கு ஊர்க் கணக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்பதே அதன் சாரம். பிறகு அது பல விதமாக வளர்ந்தது. தைவானில் பெண்களிடம் கருக்கலைப்பைப் பற்றிக் கேட்பதற்குக்கூட இந்த வழியைப் பயன்படுத்தி, 1972-இல் முடிவை வெளியிட்டார்கள்.

அதில் எளிய வகை ஒன்றைச் சொல்கிறேன். நூறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு காசைச் சுண்டிப் பார்க்க வேண்டும். எண் விழுந்தால், குடித்தாலும் குடிக்காவிட்டாலும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். மறுபக்கம் விழுந்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இப்போது ஒருவர் "ஆமாம்" என்றால் அவர் குடிகாரரா, காசு அப்படிச் சொல்ல வைத்ததா? கேட்கிறவனுக்கும் தெரியாது, மண்டோருக்கும் தெரியாது.

ஆனால் கணக்கு கிடைத்துவிடும். நூறு பேரில் ஏறக்குறைய 50 பேருக்கு எண் விழும். அவர்கள் எல்லாரும் "ஆமாம்" என்பார்கள். மொத்தம் 70 "ஆமாம்" வந்தது என்று வைத்துக்கொள்வோம். 50-ஐக் கழித்தால் மிச்சம் 20. உள்ளதைச் சொன்ன 50 பேரில் 20 பேர் குடிக்கிறார்கள், அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர். ஆள் தெரியவில்லை, அளவு தெரிந்துவிட்டது! பத்துப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் கணக்கு தப்பிப் போகும். நிறையப் பேர் வேண்டும். முறையை நன்றாக விளக்கிச் சொல்லவும் வேண்டும்.

இந்தியாவில், கர்நாடக மாநிலத்தில், எய்ட்ஸ் தடுப்பு வேலையில் இன்னொரு வழியைக் கையாண்டார்கள். ஓட்டுச்சாவடி போல மறைப்புக் கட்டி, கேள்வியை எல்லாருக்கும் பொதுவாகப் படித்து, பதிலைப் பெயரில்லாமல் பெட்டியில் போடச் சொன்னார்கள். நேருக்கு நேர் கேட்டபோது சொல்லாததைப் பெட்டியில் நிறையப் பேர் சொன்னார்கள் என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் சீட்டுப் போடலாம். நம் தோட்டங்களுக்கு இதுவே மிகவும் ஏற்றது என்பது என் கருத்து.

"இது என்ன, ஆளை ஒளித்து வைக்கிற வேலையா?" என்று சிலர் கேட்கலாம். தொழிலாளியைக் காட்டிக்கொடுத்துத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்றால், அந்தக் கணக்கு யாருக்காக?

ஆகவே, நம் தோட்டத்துக்குள் யார் கணக்கெடுக்க வந்தாலும், நம் தொழிற்சங்கக் கிளைகள் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். மண்டோரும் கிராணியாரும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. பெயர், கார்டு நம்பர் எழுதக் கூடாது. எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை அவரவர் மொழியில் முதலில் சொல்ல வேண்டும். கிடைத்த முடிவைத் தோட்டத்து ஜனங்களுக்கே திரும்ப வந்து சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். காசு சுண்டுவது ஊர்க் கணக்குக்குத்தான், வைத்தியத்துக்கு அல்ல. உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வரும்போது குடியோ, அடியோ, மருந்து பட்டதோ, உள்ளதை உள்ளபடி டிரசரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதை வெளியே சொல்லாமல் காப்பது எங்கள் கடமை. அந்தக் கடமையை அன்று பிரட்டுக்களத்தில் நான் மறந்தேன். இனி எந்த டிரசரும் மறக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.