ஆயா வீட்டுத் திண்ணையில் எத்தனை தூண்?

மணி அடிக்கறதுக்குள்ள ஒரு நிமிஷம் நின்னு இதைப் படிச்சிட்டுப் போங்க.

போன கோடை லீவுல எங்க ஆயா வீட்டை இடிச்சாங்க. நாட்டு ஓடு போட்ட பழைய வீடு. மழைக்கு ஒழுகுது, இனிமே தாங்காதுன்னு பெரியவங்க முடிவு பண்ணினாங்க. அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது பேச்சோடு பேச்சாக ஒரு கேள்வி வந்தது. அந்த வீட்டுத் திண்ணையில் எத்தனை தூண் இருந்தது? அப்பா நாலு என்றார். அத்தை ஆறு என்றார். ரெண்டு பேருமே அந்தத் திண்ணையில் படுத்துத் தூங்கி வளர்ந்தவர்கள்! ஆயா இருந்திருந்தால் சொல்லியிருப்பாங்க. சரி, செல்போனில் பார்க்கலாம் என்று தேடினோம். நூறு போட்டோவுக்கு மேல் இருந்தது. எல்லாவற்றிலும் எங்க மூஞ்சிதான்! பின்னாடி பாதித் தூண், கொஞ்சம் சுவர். அவ்வளவுதான்.

அப்போதுதான் ஓவியர் மனோகர் தேவதாஸ் பற்றிப் படித்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

அவர் 1936-ல் மதுரையில் பிறந்தவர். வேதியியல் படித்து, சென்னையில் ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓவியம் அவருக்குச் சோறு போட்ட தொழில் கிடையாது. ஆனாலும் மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், திருமலை நாயக்கர் மகால் தூண்கள், சென்னையின் பழைய கட்டடங்கள் என்று வாழ்நாள் எல்லாம் வரைந்துகொண்டே இருந்தார். பெரும்பாலும் வெள்ளைத் தாள், கறுப்பு மை. நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கமாகப் போடுவார். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார். வாட்டர் கலர் டப்பா இல்லையே என்று சாக்குச் சொல்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

இவருடைய கண்ணில் ஒரு பரம்பரை நோய் இருந்தது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிற நோய். முதலில் இருட்டில் பார்வை மங்கும். பிறகு பக்கவாட்டில் இருப்பது தெரியாது. கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும். அதுவும் சுருங்கிக்கொண்டே போகும். அவரோ பூதக்கண்ணாடியும் பளிச்சென்ற விளக்கும் வைத்துக்கொண்டு மயிரிழைக் கோடுகளை வரைந்தார்.

துன்பம் அதோடும் நிற்கவில்லை. 1972-ல் நடந்த கார் விபத்தில் அவர் மனைவி மஹிமாவுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. 2008-ல் இறக்கும் வரை அவருக்குச் சக்கர நாற்காலி வாழ்க்கைதான். அந்த நிலையிலும் இருவரும் சேர்ந்து வாழ்த்து அட்டைகள் தயாரித்தார்கள். படம் இவர் வரைவார், படத்தைப் பற்றிய குறிப்பை மஹிமா எழுதுவார். அதில் வந்த பணம் தர்ம காரியங்களுக்குப் போனது. 2020-ல் மனோகர் தேவதாசுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். 2022 டிசம்பரில் அவர் காலமானார்.

இதைச் சொன்னதும், 'ஓகோ, தன்னம்பிக்கைக் கதையா?' என்று நீங்கள் நினைக்கலாம். 'பார்வை போயும் சாதித்தார், நீயும் மார்க் வாங்கு' என்று சொல்ல நான் வரவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. தன் பார்வைக்கு நாள் குறைவு என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு தூணையும் இன்னொரு முறை பார்க்கக் கிடைக்காது என்பது போலப் பார்த்தார். நமக்குக் கண் நல்லாத்தான் இருக்கு. ஆனால் நாம் பார்க்கிற கட்டடங்களுக்கு நாள் குறைவு. அதை நாம் மறந்துவிடுகிறோம்!

நம்ம ஊரையே பாருங்க. ஹைவே பக்கம் பெரிய பஸ் முனையம் கட்டியிருக்காங்க. மனை விலை ஏறுது. ஓட்டு வீடுகள் ஒண்ணொண்ணா மாடி வீடாகுது. ஆகட்டும், வேண்டாம்னு சொல்ல நாம் யார்? ஆனால் எது போச்சு என்பதற்காவது ஒரு சாட்சி வேண்டாமா?

1792-ல் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியர், தம்பி... இல்லை, சகோதரர் மகன் வில்லியமோடு சென்னையில் இருந்து கிளம்பித் தெற்கே சுற்றினார். மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று கோயில்களையும் கோட்டைகளையும் வாட்டர் கலரில் வரைந்தார்கள். இந்தியக் காட்சிகளாக 144 படங்களை லண்டனில் அச்சிட்டார்கள். 230 வருஷத்துக்கு முன் நம் கட்டடங்கள் எப்படி இருந்தன என்று பார்க்க இன்றைக்கும் அந்தப் படங்களைத்தான் தேடுகிறார்கள். ஆனால் குத்தம்பாக்கத்தை வரைய எந்த டேனியலும் வரப்போவதில்லை. நாமதான் வரையணும்.

'போட்டோ எடுத்தா போதாதா?' என்று என் பெஞ்ச் நண்பனே கேட்டான். போட்டோவும் எடுங்க, நம்ம மூஞ்சி இல்லாம எடுங்க! ஆனால் போட்டோவுக்கு ஒரு நொடி போதும். வீட்டைப் பார்க்காமலே எடுத்துவிடலாம். வரைய உட்கார்ந்தால் எண்ணியே ஆகணும். எத்தனை தூண், எத்தனை படி, ஓடு எங்கே முடியுது, வாசக்கால் எவ்வளவு உயரம் என்று கண் தேடும். ஒருமுறை வரைந்ததைச் சீக்கிரம் மறக்க முடியாது.

'எனக்கு டிராயிங் வராது' என்பவர்களுக்கு ஒரு வழி. தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும் அல்லவா? தெருவும் அப்படித்தான். உங்கள் கண் மட்டத்தில் லேசாக ஒரு கோடு போட்டு, அதில் ஒரு புள்ளி வையுங்கள். தெரு நீளத்துக்கு ஓடுகிற கூரைக் கோடும் திண்ணைக் கோடும் அந்தப் புள்ளியை நோக்கிப் போகட்டும். பாதி படம் தானாக வந்துவிடும்.

எதை வரைவது? கோபுரம்தான் வேண்டும் என்றால் திருமழிசை ஜெகந்நாதப் பெருமாள் கோயில் பக்கத்தில்தான் இருக்கு. ஆனால் நான் முதலில் சொல்வது நம்ம சமத்துவபுரத்து இரட்டை வீடுகளை. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு சமூகத்துக் குடும்பம், இந்தப் பக்கம் இன்னொரு சமூகத்துக் குடும்பம். இந்த மாதிரி சுவர் எத்தனை ஊரில் இருக்கு? வெளியூர்க்காரங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க. நாம சைக்கிளில் வேகமா தாண்டிப் போறோம்.

என் யோசனை இதுதான். ஆளுக்கு ஒரு வீடு. பென்சிலோ பேனாவோ எது இருந்தாலும் சரி. படத்துக்குக் கீழே தெருப் பெயர், தேதி, அந்த வீட்டுப் பெரியவங்க சொன்ன ஒரு விஷயம். அடுத்த மாதம் இந்தப் பலகையில் பாதி இடம் அதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. அழகா இருக்கணும்னு இல்லை, சரியா இருக்கணும்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருப்பது எங்க எதிர்வீட்டுத் திண்ணை. தூண் மூணு. ரெண்டு முறை எண்ணிட்டேன். ஒரு தூண் சாய்ந்திருக்கே என்று சிரிக்காதீங்க. அது உண்மையிலேயே சாய்ந்துதான் இருக்கு.

– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்